யெகூவின் தேர் வந்த வழி

கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய பேர் உண்டு: யெகூ. இன்று லண்டன் தெருவில் ஒரு பஸ் சாரதியை அப்படிக் கூப்பிட்டால் அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் அது அங்கே பத்திரிகையிலும் நாடகத்திலும் சத்திரத்துப் பேச்சிலும் தாராளமாகப் புழங்கிய சொல். கிறிஸ்துவுக்கு முன் 841ஆம் ஆண்டளவில் இஸ்ரவேலின் ஆட்சியைப் பிடித்த ஓர் அரசனின் பேர் அது. அரசனின் பேர் வசையாகி, வசை பகிடியாகி, பகிடியும் கடைசியில் மறைந்து போனது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அது ஓரிடத்தில் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தாலும், நல்லூர் வழியாக வருகிறது. எங்கள் அரியாலையிலிருந்து நல்லூர் எவ்வளவு தூரம்?

கதை வேதாகமத்தில், இரண்டாம் இராஜாக்கள் நூலின் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கீலேயாத்திலுள்ள ராமோத்தில் சீரியரோடு போர். காயப்பட்ட அரசன் யோராம் யெஸ்ரயேலுக்குத் திரும்பி வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். போர்முனையில் தளபதிகள் கூடியிருந்த இடத்துக்கு எலிசா தீர்க்கதரிசி அனுப்பிய ஓர் இளைஞன் வருகிறான். யெகூவை உள்ளறைக்கு அழைத்து, தலையில் எண்ணெயை வார்த்து, இனி நீயே அரசன் என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறான். யெகூ தேரில் ஏறி யெஸ்ரயேலை நோக்கி விடுகிறான். அங்கே கோபுரத்தில் நின்ற காவற்காரன் ஒரு கூட்டம் வருவதைத் தூரத்திலேயே காண்கிறான். விசாரித்துவரப் போன குதிரைக்காரன் திரும்பவில்லை. இரண்டாவதாகப் போனவனும் திரும்பவில்லை. முகம் தெரியாத தூரம்தான், ஆனால் தேர் வருகிற விதத்தைப் பார்த்தே காவற்காரன் ஆளைச் சொல்லிவிடுகிறான். நிம்சியின் மகன் யெகூ ஓட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.

அரியாலையில் கண்டி வீதிக்கரையில் வீடு உள்ளவர்களுக்கு இந்தக் காவற்காரனை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே, சத்தத்தை வைத்து, போனது எந்த மினிபஸ், எந்த வீட்டு மோட்டார் சைக்கிள் என்று சொல்லக்கூடிய அம்மாமார் எங்களிடம் இருக்கிறார்கள். ஓட்டம் தெரியாத புது ஆளாக இருந்தால் படலையடியில் எழும் முதற் கேள்வி, “ஆற்றை பெடியன் உவன்?” என்பது. காவற்காரனும் தகப்பன் வழியைச் சேர்த்துத்தான் சொன்னான். நிம்சி உண்மையில் யெகூவின் பாட்டன். வேகமாக ஓட்டுகிறவனோடு அவன் குடும்பத்தின் பேரும் வீதியால் போகிறது என்பது மூவாயிரம் வருடத்துக்கு முன்னும் தெரிந்திருக்கிறது.

எபிரேய மூலத்தில் அந்த ஓட்டத்தைச் சொல்லும் சொல்லுக்குப் பொருள் பைத்தியம். அதே அதிகாரத்தில் சற்று முன்பு, எண்ணெய் வார்த்துவிட்டு ஓடிய இளைஞனைத் தளபதிகள் பைத்தியக்காரன் என்கிறார்கள். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. எழுதியவர் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். செய்தி கொண்டு வந்தவனின் பித்து தேரோட்டியின் கையில் ஏறிவிட்டது என்று வாசிக்க முடிகிறது. எங்கள் வீடுகளில் உள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் வேகம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. பித்து வழியில் விழுந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான வாசிப்பும் பண்டைக் காலத்திலேயே இருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் யூத வரலாறு எழுதிய யொசேப்பு, யெகூ மெதுவாக, ஒழுங்கான அணிவகுப்போடு வந்தான் என்கிறார். அதே இடத்துக்கு அரமேய மொழிபெயர்ப்பான தர்கும் தருகிற பொருளும் நிதானம்தான். இரண்டு பெரிய சாட்சிகள் வேறு விதமாகச் சொல்லியும் உலகம் பித்தனையே பிடித்துக்கொண்டது. மெதுவாக வந்தவனைப் பற்றி யார் கதை சொல்வார்கள்?

யெகூவின் உருவம் கல்லில் இருக்கிறது. 1846இல் ஒஸ்டின் ஹென்றி லேயார்ட் நிம்ரூத்தில் தோண்டியபோது, அசீரிய அரசன் மூன்றாம் சல்மனேசரின் கரிய கற்றூண் வெளிவந்தது. அது இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மேலிருந்து இரண்டாவது வரிசைச் சிற்பத்தில் ஒருவன் அசீரிய அரசனின் காலடியில் நெற்றி நிலத்தில் படக் குனிந்திருக்கிறான். கூடவே செதுக்கிய எழுத்து, அது ஒம்ரி வம்சத்து யெகூ கொண்டுவந்த திறை என்கிறது. குனிந்திருப்பவன் யெகூதானா, அவனுடைய தூதனா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். எவனாக இருந்தாலும் அந்தக் கல்லில் அவனுக்குத் தேரும் இல்லை, குதிரையும் இல்லை.

கல் வெளிவந்த அதே 1840களில் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். துணைக்கு இருந்தவர் நல்லூர் ஆறுமுகம், பின்னாளில் ஆறுமுக நாவலர். திருநீறு பூசிய சைவ இளைஞர். அவரும் பெர்சிவலும் மொழிபெயர்ப்போடு சென்னைக்குப் போய், மகாலிங்கையர் என்ற வித்துவானிடம் காட்டி, தமிழ் நன்றாக இருக்கிறது என்ற ஒப்புதலைப் பெற்று வந்தார்கள். 1850இல் அது சென்னையில் அச்சாகியது. அதற்கு முன்பே, 1848இல், நாவலர் மிஷனை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார்.

தமிழுக்கு யெகூ முதன்முதல் வந்தது இவர்களால் அல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்துவிட்டு 1719இல் காலமானார். ரூத்துக்குப் பிறகு வருகிற இராஜாக்களின் கதைகளை முடித்தவர் அவருக்குப் பின் வந்த சூல்ட்சே. ஆகவே யெகூவின் தேர் தமிழ் மண்ணில் இறங்கியது 1720களில், தரங்கம்பாடி அச்சகத்தின் வழியாக. யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பு நீடித்து நிலைக்கவில்லை. 1871இல் போவர் தலைமையில் வந்த திருத்தம்தான் கோவில்களிலும் வீடுகளிலும் இடம்பிடித்தது. கத்தோலிக்கர் கையில் இப்போதுள்ள பொது மொழிபெயர்ப்பில் அவன் ஏகூ. ஆனாலும், அந்த நாட்களில் ஒரு நல்லூர் இளைஞர் கந்தபுராணத்துக்குப் பழகிய தம் தமிழை இந்தக் கதைகளுக்கும் குறைவின்றிக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தமிழில் யெகூ அரசனாகவே இருந்துவிட்டான். வண்டிக்காரனாக மாறியது ஆங்கிலத்தில்தான். 1682இல் ஜோன் டிரைடன் அரசியல் எதிரியைத் தாக்கி எழுதிய ‘த மெடல்’ என்ற கவிதையில், கட்டுக்கடங்காத குதிரையை முடுக்குகிறவனுக்கு இந்தப் பேரை வைத்தார். அங்கே அது இன்னும் கடுமையான வசை. பதினொரு வருடம் கழித்து வில்லியம் கொங்கிரீவின் ‘த டபிள் டீலர்’ நாடகத்தில் ஒரு சீமாட்டி, தன் வீட்டு வண்டிக்காரனைப் பற்றிக் கவிதை பாடுகிறாள், பேச்சில் அவனை யெகூ என்கிறாள். கூட இருப்பவன் அதற்கு ஓர் ஓரக்குறிப்புப் போடச் சொல்கிறான்: யெகூ முன்பு வாடகை வண்டி ஓட்டியவன் என்று. கொட்டகை முழுக்கச் சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பில் அரசன் செத்தான், வண்டிக்காரன் பிறந்தான்.

அதோடு போனவை எவை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். யெகூ அன்றைக்கு யெஸ்ரயேலில் சும்மா வந்து இறங்கவில்லை. எதிர்கொள்ள வந்த யோராமை, அவன் திரும்பி ஓடும்போது முதுகில் எய்து கொன்றான். கூட இருந்த யூதாவின் அரசன் அகசியாவையும் கொல்லச் சொன்னான். யோராமின் தாய் யேசபேலை மாளிகைச் சாளரத்திலிருந்து கீழே தள்ளச் சொல்லி, குதிரைகளால் மிதிக்கச் செய்தான். யோராமின் தகப்பன் ஆகாபின் பிள்ளைகள் எழுபது பேரின் தலைகள் கூடைகளில் வந்தன. அவன் கொன்றவர்களில் ஒருவர்கூட ஆங்கிலச் சொல்லுக்குள் வரவில்லை. வேகம் மட்டும், அதுவும் வேடிக்கையாக, வந்தது.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்தச் சொல்லுக்கு நல்ல வேலை இருந்தது. 1784 ஓகஸ்டில் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் தபால் கோச் ஓடியது. பின்னேரம் நான்கு மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. பதினாறு மணித்தியாலம். அதன்பின் நேரம் பிந்துவது வண்டிக்காரனுக்கு வெட்கமாயிற்று. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கோச்சுக்காரனுக்குக் காசு கொடுத்துக் கடிவாளத்தை வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள், அவனைப்போலவே உடுத்தினார்கள், அவனைப்போலவே பேசினார்கள். இலங்கையிலும் 1832 பெப்ரவரியில் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் கோச் தொடங்கியது. ஆசியாவில் அதுதான் முதலாவது என்பார்கள். இங்கிலாந்தில் மெல்ல மெல்ல எந்த வண்டிக்காரனும், மெதுவாக ஓட்டுகிறவன்கூட, யெகூ ஆனான். எல்லாரையும் குறிக்கிற சொல் யாரையும் குறிப்பதில்லை. மோட்டார் வந்தபின் கொஞ்சக் காலம் அந்தப் பேர் காருக்கும் தொற்றியிருந்தது. பிறகு குதிரையும் போய், வேதம் வாசிக்கிற பழக்கமும் குறைந்து, அகராதிக்குள் அடங்கிவிட்டது.

அமெரிக்காவில் இன்னொரு சொல்லுக்கு நடந்தது இதைவிடக் கொடிது. ‘ஜே’ என்றால் அங்கே பட்டணத்து நடப்புத் தெரியாத நாட்டுப்புறத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்சாஸ் பக்கத்துப் பத்திரிகைகள் பிழையான பக்கத்தில் வண்டி விடுகிறவனை ‘ஜே டிரைவர்’ என்று ஏசின. அதைப் பார்த்து ‘ஜேவாக்கர்’ என்ற சொல்லும் வந்தது, வீதியில் நடக்கத் தெரியாதவன் என்ற பொருளில். 1920களில் கார் விற்போரும் மோட்டார்ச் சங்கங்களும் இரண்டாவது சொல்லைத் தூக்கிப் பிடித்தார்கள். வீதியில் பிள்ளைகள் அடிபட்டுச் சாகிறார்கள் என்று ஊர் கொதித்திருந்த நேரம் அது. ஓட்டியவனுக்கான சொல் செத்தது. அடிபட்டவனுக்கான சொல் சட்டமானது.

எங்கள் பக்கத்துக்குச் சொந்தமான சொல்லும் ஒன்று இருக்கிறது: சவாரி. பாரசீகத்தின் பழைய வடிவத்தில் அதன் வேருக்குப் பொருள் குதிரையால் சுமக்கப்படுகிறவன். இந்துஸ்தானியில் அது ஏறிப்போவது எல்லாவற்றுக்கும் பேராயிற்று. சென்னை ஓட்டோக்காரருக்குச் சவாரி என்றால் ஏறுகிற ஆள். யாழ்ப்பாணத்தில் சவாரி என்றால் மாட்டு வண்டில் ஓட்டப் போட்டி. குதிரையைச் சுமந்து வந்த சொல்லை இரண்டு நாம்பன்களின் நுகத்தில் கட்டினோம். தரவை வெளியில் திருக்கல் வண்டில்கள் சோடியாக நிற்கும். கொடி விழுந்ததும் புழுதி கிளம்பும். துவரங்கேட்டியோடு வண்டிலில் நிற்கிறவனின் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்திருக்கும். சவாரி மாடு வளர்க்கிறவர் தன் பிள்ளைக்கு முன் மாட்டுக்குத்தான் சோறு வைப்பார் என்று ஊரில் சொல்வதுண்டு. மாட்டுக்கு விழும் குத்தையும் அடியையும் பார்க்கச் சகிக்காமல் இதை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் சவாரிக்கு ஒரு தரவை உண்டு, ஒரு நாள் உண்டு, வரம்பு உண்டு. தரவைக்குள் ஓடுகிறவனைக் கைதட்டிப் பார்த்த சனமே, ஒழுங்கையால் அப்படி ஓடி வந்தால் வேலியால் எட்டி ஏசும். ‘சிரித்திரன்’ ஆசிரியர் சிவஞானசுந்தரம் தினகரனில் வரைந்த கேலிச்சித்திரத்தின் நாயகனுக்குச் சவாரித் தம்பர் என்று பேர் வைத்தது, அந்தச் சொல் எங்கள் சனத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துதான்.

இந்தச் சொற்களெல்லாம் ஓட்டுகிறவனின் பக்கம் நின்றே பார்க்கின்றன. ஏசும்போதுகூட அவன்தான் நடுவில். இந்தத் தீவில் மறுபக்கம் நின்று சொல்லப்பட்ட ஒரு கதை இருக்கிறது. அது தெரியாத தமிழ்ப்பிள்ளை இல்லை, ஆனால் அதை ஒரு வீதி விபத்தின் கதையாக நாங்கள் படிப்பதில்லை.

சோழநாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் சொல்வது இது. அரசனின் ஒரே மகன் திஸ்ஸ வாவிக்குத் தேரில் போகிறான். வழியில் தாய்ப்பசுவோடு ஒரு கன்று படுத்திருக்கிறது. தேர்ச்சில்லு கன்றின் கழுத்தில் ஏறிவிடுகிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்றும் நூல் சொல்கிறது. பசு வந்து அரண்மனை மணியை இழுக்கிறது. அதே சில்லால் மகனின் தலை போகும்படி அரசன் செய்கிறான். சோழநாட்டுப் பக்கம் இதே கதை மனுநீதிச் சோழனுடையது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் ஊரின் பெருமையாக இதைப் பாண்டியன் முன் சொல்கிறாள். சேக்கிழார் திருவாரூரில் வைத்து விரிவாகப் பாடுகிறார். அங்கே கடைசியில் இறைவன் அருளால் கன்றும் மகனும் எழுகிறார்கள். மகாவம்சத்தில் யாரும் எழுவதில்லை.

அந்தத் தண்டனையை நான் விரும்பவில்லை. தவறிச் செய்த பிள்ளையைக் கொல்வது எந்தக் காலத்திலும் நியாயமாகாது. கதையின் பெறுமதி தண்டனையில் இல்லை, மணியில் இருக்கிறது. அடிபட்டது பேசத் தெரியாத கன்று, முறையிட வந்ததும் பேசத் தெரியாத பசு. அதற்கும் எட்டுகிற உயரத்தில் ஒரு மணியை ஒருவன் கட்டிவைத்திருந்தான். இளவரசன் எப்படி ஓட்டினான், எத்தனை குதிரை, எவ்வளவு அழகு என்று மகாவம்சக் கதையில் ஒரு சொல் இல்லை. கன்று எங்கே படுத்திருந்தது, சில்லு அதன் உடம்பில் எந்த இடத்தில் ஏறியது என்பது இருக்கிறது. யெகூவின் கதையில் காவற்காரன் நின்ற இடம் கோபுரம். இந்தக் கதையைச் சொன்னவன் நின்ற இடம் வீதியின் மண்.

இன்னும் பின்னால் போனால், அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் ஒரு தலைவன் இருக்கிறான். கார்காலம் வந்துவிட்டது, வீட்டில் அவள் காத்திருக்கிறாள், அவனுக்கு அவசரம். ஆனாலும் பூத்த சோலையில் துணையோடு இருக்கும் தேன்குடிக்கும் வண்டுகள் வெருண்டுவிடுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தமிழில் வண்டி ஓட்டம் பற்றி எனக்குத் தெரிந்ததில் மிக அழகான செய்தி இதுதான். கண்டி வீதியில் எயார் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிற பஸ்காரத் தம்பிமார் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டைப் படித்திருந்தால் நல்லது என்று மனதார நினைக்கிறேன்.

எல்லாளன் போரில் துட்டகைமுனுவிடம் தோற்று இறந்தபின், வென்றவன் அவனுக்குச் சமாதி கட்டி, அந்த இடத்தைக் கடக்கிறவர்கள் வாத்தியத்தை நிறுத்தவேண்டும் என்று கட்டளையிட்டான். மகாவம்சம் எழுதப்பட்ட காலத்திலும் அரச குடும்பத்தார் அதைக் கடைப்பிடித்தார்கள். பிரித்தானியருக்கு எதிரான 1818 கிளர்ச்சி அடங்கியபின் தப்பி ஓடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைத்துத் தளர்ந்த நிலையிலும் அங்கே பல்லக்கை விட்டு இறங்கினாராம். சமாதி சரியாக எங்கே என்று தெரியாததால், கடந்துவிட்டோம் என்று நிச்சயமாகும் வரைக்கும் நடந்தே போனாராம். 1840இல் வெளிவந்த தம் நூலில் மேஜர் ஃபோர்ப்ஸ் இதைப் பதிந்திருக்கிறார். உயிர் தப்ப ஓடுகிறவனுக்கும் இறங்கி நடக்க ஓர் இடம் இருந்திருக்கிறது. யாழ்தேவி ரயில் அரியாலையைத் தாண்டித் தெற்கே போகும்போது அந்த அனுராதபுரத்தில்தான் நிற்கிறது.

இலங்கையில் வண்டி ஓட்டுகிறவருக்கு நாங்கள் இன்றும் சொல்வது சாரதி. தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம், இங்கே சாரதி அனுமதிப்பத்திரம். அருச்சுனனுக்குத் தேரோட்டிய கண்ணனின் பதவிப் பேரை, மணல் ஏற்றி ஓடுகிற டிப்பர்க்காரரின் சட்டைப்பையிலும் அரசாங்கம் வைத்திருக்கிறது. நல்ல மரியாதை. ஆனால் விபத்து நடந்த மறுநாள் பத்திரிகையைப் பாருங்கள். ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்த டிப்பர்’ என்று தொடங்கும். ‘மோட்டார் சைக்கிள் மதிலுடன் மோதியதில்’ என்று தொடங்கும். எழுவாய் வண்டி. இரும்பு தானாகவே வேகத்தை எடுத்து, தானாகவே இழந்து, தானாகவே போய் மோதுகிறது. அந்த மரியாதையான சாரதியைத் தேடினால், பல நேரம் அவர் ‘தப்பியோடினார்’ என்ற இடத்தில்தான் அகப்படுவார்.

செய்தி எழுதுகிற பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால், வழக்கு முடியும் வரைக்கும் யாரையும் குற்றவாளி என்று எழுத முடியாதே என்கிறார்கள். அது சரியான பதில். பிழை யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் டிப்பரை ஓட்டி வந்தது ஒரு மனிதன், சந்தைக்குப் போய் மரக்கறியோடு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தது ஓர் அம்மா, அந்த மனிதன் ஓட்டிய வண்டி அந்த அம்மாவில் ஏறியது என்று அந்த ஒழுங்கில் எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மகாவம்சத்தை எழுதிய பிக்கு ஒரு கன்றுக்கு அப்படித்தான் எழுதினார்.